மூன்றடிச் சுவர்

ஆற்றோரத் தடுப்புச் சுவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, தையல்காரர்கள் தெருவை ஒட்டிய பகுதியில் மட்டும் நான்கு அங்குலம் வளர்ந்தது. அன்று ஒரு சிமென்ட் மூட்டைகூடப் பிரிக்கப்படவில்லை.

அந்தச் சுவருக்கு உயரம் குறித்தவள் வெள்ளத் தடுப்பு அலுவலகத்தின் பொறியாளர். இன்னும் ஓர் அடி எழுப்புகிற செலவு, அந்த ஓர் அடி தடுக்கிற நஷ்டத்தைத் தாண்டும் இடத்தில் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது அவள் விதி. அதன்படி கடைவீதிக்குப் பதினோரு அடி, வங்கிச் சாலைக்குப் பன்னிரண்டு, தையல்காரர்கள் தெருவுக்கு மூன்று. தெருவுக்குத் தெரு குறுக்குச் சுவரும் உண்டு. கணக்கில் பிழையே கிடையாது. மூன்றடித் தெருவில் குடியிருந்தது அவளுடைய சொந்த அக்கா.

திங்கட்கிழமை மாலை, சட்டைக்குக் காஜா எடுத்தபடியே அக்கா கேட்டாள்: "எங்க தெருவுக்கு என்னடி விலை போட்டே?"

தங்கை ஒளிக்காமல் ஓடு, மெஷின், பீரோ என்று ஒப்பித்தாள்.

"தண்ணி வந்தா உன் மாமா எங்கடி ஏறி நிப்பாரு? அவருக்குத்தான் இடது கால் வராதே. அதை எந்தக் கட்டத்துல போட்டே?"

"அதுக்குக் கட்டமே இல்லக்கா."

"இல்லேன்னா ஒண்ணு போடேன். ஸ்கேலும் பென்சிலும் உங்கிட்டதானே இருக்கு?"

மறுநாள் பத்தேகாலுக்கு அவள் அந்தக் கட்டத்தைப் போட்டாள். ஐந்தே நிமிடத்தில் மேஸ்திரி போன் செய்தார்: "மேடம், சுவர் ஏறிடுச்சு." அதன்பிறகு அவள் வீடு வீடாகப் போனாள். ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவை மனப்பாடமாக வைத்திருந்த கிழவர் சுவருக்கு ஓரடி உயரம் கொடுத்தார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஓரகத்திகள் ஒரே படகில் ஏறவேண்டி வருமே என்ற சங்கடம் மூன்று அங்குலம். சோதித்துப் பார்க்க, இல்லாத பியானோ ஒன்றை எழுதினாள், சுவர் அசையவில்லை. "தானா வளர்ற சுவருக்கு யார் பேர்லம்மா பில் போடறது?" என்று தலையைச் சொறிந்த மேலதிகாரி, கடைசியில் 'இதர வகை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் ஆறு ஒன்பதடிக்கு வந்தது. சுவரும் ஒன்பதடிதான். பட்டப்பகலில் தண்ணீர் விளிம்பைத் தொட்டுத் தெருவை எட்டிப் பார்த்தது. மாமாவைக் கட்டிலோடு மேஜைமேல் ஏற்றிவிட்டு, கணக்குத் தாளோடு ஓடி வந்த தங்கையைப் பார்த்து அக்கா கத்தினாள்: "எதையாவது விட்டுட்டியாடி?"

ஒன்றை விட்டிருந்தாள். சொந்தக்காரர்களைக் கணக்கில் சேர்க்கும்போது மனசைச் சேர்க்கக்கூடாது என்பது அவளே வகுத்துக்கொண்ட ஒழுங்கு. நனைந்த தாளில் எழுதினாள்: 'எனக்கு இருப்பது ஒரே அக்கா.' தொகைக் கட்டத்தைக் காலியாகவே விட்டாள்.

சுவர் ஒரு முழம் எழுந்தது. ஆறு சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுத் தன் வழியே போயிற்று.

இப்போது அந்தத் தெருவில் குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சீட்டு நேராக அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. சுவர் இரண்டு விரற்கடை ஏறும். வெயில் மறைகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே பெண்கள் துணிக்கொடியை அவிழ்த்துக் கொஞ்சம் மேலே கட்டிக்கொள்கிறார்கள்.