கிளைப்பாதையின் தண்டவாளங்கள்

குண்டு விழுந்த இடத்தில் தண்டவாளம் காய்ந்த கொடியைப் போல முறுக்கிக்கொண்டு நின்றது. பள்ளத்தை ஜல்லி கொட்டி மூடியாகிவிட்டது. கட்டைகளும் போட்டாகிவிட்டது. மேலே வைக்கத்தான் இரும்பு இல்லை.

"சாயங்காலம் ராணுவ வண்டி இங்கே கடந்தாகணும். எங்கேருந்தாவது பிடுங்கிட்டு வாங்க," என்றார் லெப்டினன்ட்.

பாதை பழுதுபார்க்கும் கூட்டத்தார் எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரியின் பார்வை கிளைப்பாதைக்குப் போயிற்று. மேட்டைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும் ஒற்றைப் பாதை. அதே அளவு இரும்பு. வண்டி அதிகம் ஓடாததால் தேயவும் இல்லை. அந்த ஊர் ஸ்டேஷனில்தான் அவருடைய தங்கை நிறைமாத வயிற்றோடு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். ஊரே அங்கேதான் உட்கார்ந்திருந்தது. பீரங்கிகள் நெருங்குவதற்குள் ஏற்றிப்போக ஒரு வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

"மச்சான், அந்தப் பக்கம் பார்க்காதீங்க," என்றான் தங்கையின் கணவன். அதே கூட்டத்தில் போல்ட் முடுக்குகிறவன்.

"மெயின் லைன் சரியாகலேன்னா அவளுக்கு வண்டி எங்கேருந்து வரும் மாப்ளே? வானத்துலேருந்தா?"

"இப்ப எல்லாம் அங்கேருந்துதானே வருது."

யாரோ சிரித்தார்கள். லெப்டினன்ட் சிரிக்கவில்லை. "டிப்போவுல புதுத் தண்டவாளம் குவிஞ்சு கிடக்கு. நாளைக்கு உங்க கையில இருக்கும். கிளைப்பாதையைப் புதுசாவே போட்டுடலாம். அதுக்கப்புறம் ஊர்க்காரங்க வண்டி."

பூட்ஸ் கேட்டாலும் ரொட்டி கேட்டாலும் அவர் சொல்வது அதுதான். அவருக்குக் கூட்டத்தார் வைத்திருந்த பெயரும் 'நாளைக்கு'தான்.

"நாளைக்கு சாரே சொல்லிட்டாரு. அப்புறம் என்ன?" என்று மாப்பிள்ளை ஸ்பானரை எடுத்துக்கொண்டான்.

மேஸ்திரி ஒவ்வொரு தண்டவாளத்தையும் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்தார். விரிசல் இல்லாத இரும்பு மணிபோலப் பேசியது. மாப்பிள்ளை போல்டுகளைக் கழற்றினான்.

"கல்யாணத்துக்கு இதே லைன்லதான் வந்து இறங்கினேன். திரும்பி ஓடிடக் கூடாதுன்னு மச்சானே பிடுங்கறாரு, பாருங்க."

மேஸ்திரிக்கும் சிரிப்பு வந்தது. தோளுக்குத் தோள் மாறி இரும்பு மெயின் லைனுக்கு நகர்ந்தது.

வெயில் சாயும்போது வண்டி வந்தது. மேஸ்திரி மண்டியிட்டு இணைப்பையே பார்த்தார். என்ஜின் ஏறியதும் தண்டவாளம் ஒரு விரல் அமுங்கி, எழுந்தது. தாங்கிவிட்டது. மூடிய பெட்டிகள் கடந்தன. பிறகு திறந்த பெட்டிகள். அவற்றில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தவை தண்டவாளங்கள். எண்ணெய்ப் பளபளப்புப் போகாத புதுத் தண்டவாளங்கள். பெட்டிக்குப் பின் பெட்டியாக.

"நம்ம சரக்குடா!" மாப்பிள்ளை கூடவே ஓடினான். "நிறுத்துங்க! இங்கேதான் இறக்கணும்!" சங்கிலியைப் பிடித்த கையைக் காவல் சிப்பாய் பூட்ஸ் காலால் மிதித்தான்.

மேஸ்திரி லெப்டினன்ட்டிடம் போனார். "டிப்போ சரக்கா சார்?"

"போர்முனையில லைன் போடறாங்க. மத்தியானம் உத்தரவு வந்துது."

"மத்தியானம் நாங்க பாதிகூடப் பிடுங்கலையே சார்."

"சொல்லியிருந்தா மீதியைப் பிடுங்கியிருப்பீங்களா?"

கடைசிப் பெட்டியும் போய்விட்டது. மாப்பிள்ளை திரும்பி வந்தான். ஸ்பானரை மேஸ்திரியின் காலடியில் போட்டுவிட்டு, இரும்பில்லாத கட்டைகள்மேல் கால் வைத்துக் கிளைப்பாதையில் நடக்க ஆரம்பித்தான்.

"மாப்ளே, நில்லு! நானும் வரேன்."

"நீங்க லைனைப் பாருங்க மச்சான்." அவன் திரும்பவில்லை.

"மேஸ்திரி, அடுத்த வண்டி கிளம்பிடுச்சு," என்றார் லெப்டினன்ட். "போல்ட்டெல்லாம் ஆடியிருக்கும்."

இரண்டு சிப்பாய்கள் மேஸ்திரியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் குனிந்து ஸ்பானரை எடுத்தார். வண்டி ஓடி ஆடிய போல்டுகள் நிஜமாகவே தளர்ந்திருந்தன. ஒவ்வொன்றாக முடுக்கினார்.

தூரத்தில் என்ஜின் நீளமாக விசில் கொடுத்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம்வரை கேட்கிற விசில். ஸ்டேஷனில் எல்லோரும் தங்கள் வண்டிதான் என்று இந்நேரம் மூட்டைகளோடு எழுந்திருப்பார்கள். தங்கையும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முதலில் ஏற இடம் கிடைக்கட்டும் என்று பிளாட்பாரத்தின் ஓரத்துக்கு வந்திருப்பாள்.