மன்னிப்பு கேக்

கடையிலேயே குருவிதான் கொடுத்து வைத்தவள் என்று எல்லோரிடமும் ஒரே பேச்சு. பில் போடும் அந்தச் சின்னப் பெண்ணோடு சண்டை வந்தால் போதும், அவளுடைய காதலன் மறுநாளே அவள் வேலை செய்யும் அதே பேக்கரியில் அவளுக்கு ஒரு கேக் சொல்லிவிடுவான். மேலே 'மன்னிச்சிடு செல்லம்' என்று எழுத வேண்டும், சுற்றிலும் ரோஜாப்பூ வேண்டும். எழுதுவது, அங்கே கேக் அலங்கரிக்கும் கேக் அக்கா. எந்த ஆம்பளை இந்தக் காலத்தில் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கிறான் என்று உருகிப்போய், அவன் கேட்டதற்கு மேலேயே பூவைச் சேர்த்துப் போட்டுக் கொடுப்பாள். அவளுக்கு வாய்த்ததோ, பெண்டாட்டியின் பிறந்தநாளையே மறந்துபோகிற புருஷன்.

அன்று காலை குருவியின் காதலன் நேரிலேயே வந்தான். குருவி தட்டு எடுக்க உள்ளே போயிருந்தாள். இந்தத் தடவை 'இனிமே சத்தியமா அப்படிச் செய்ய மாட்டேன்' என்று எழுதச் சொன்னான். கேக் சின்னது, வரி நீளம். இடம் போதாவிட்டால் வாடிக்கையாளரைக் கேட்டு வார்த்தையைக் குறைப்பது அக்காவின் வழக்கம். எதைச் செய்ய மாட்டீர்கள் என்று சொன்னால் சுருக்கி எழுதிவிடலாமே என்று வெள்ளந்தியாகக் கேட்டாள்.

அவன் முகம் கறுத்துவிட்டது. "சொன்னத மட்டும் எழுதுங்க. சாயங்காலம் கேக்க வாங்கிட்டு அவளையும் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

கேக்கில் எழுதும் ஐசிங் கோனை அக்கா கீழே வைத்தாள். அட மடச்சி, இத்தனை கேக் எழுதினாயே, எதற்கு மன்னிப்பு என்று ஒரு நாளாவது யோசித்தாயா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மாவு மூட்டை அடுக்கிய அறையில் குருவி ஒற்றைக் கையால் தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"அவன் எதுக்குடி மன்னிப்பு கேக்குறான்?"

குருவி சிரித்து மழுப்பினாள். ஏன் ஒற்றைக் கையால் இழுக்கிறாய் என்றதற்கு, கை கதவில் இடித்துக்கொண்டது என்றாள். அக்கா எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரத்தில் குருவி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். போனை எடுக்கத் தாமதமானால் கையை முறுக்குவானாம். கூட வேலை செய்கிறவர்களோடு சிரித்துப் பேசினால் அறைவானாம். மறுநாள் கேக் வருமாம். கடையே பொறாமைப்படும்போது நடுவில் நின்று அவள் எதைச் சொல்வாள்? வீட்டில் சொன்னாலோ, காதலித்ததற்கே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், வேலைக்கும் முழுக்குப் போட வேண்டியதுதான்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைப் பிடித்து ஓவனில் தள்ளலாம் போலிருந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டாள்.

"தப்பு உன்மேல இல்ல. பூ போட்டுக் குடுத்தேன் பாரு, நான்தான் முட்டாள். சாயங்காலம் உன்னக் கூட்டிட்டுப் போக வரானாம். இப்ப என்ன செய்யணும்னு நீ சொல்லு, நான் கூட நிக்கிறேன்."

குருவி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இன்றைக்கு அவனோடு போகப் போவதில்லை, இனி என்றைக்குமே இல்லை என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே ஒரு தெம்பு வந்தது. அம்மாவிடமும் தானே சொல்லிவிடுவதாகச் சொல்லிப் போனை எடுத்தாள். தாயும் மகளும் பேசட்டும் என்று அக்கா எழுந்தாள்; குருவி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். முழுசா கேட்டுட்டு அப்புறம் திட்டு."

காதலித்ததையும் சொன்னாள், அடி வாங்கியதையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. குரல் ஓரிடத்தில்கூட உடையவில்லை.

குருவி திட்டுக்குக் காத்திருந்தாள்.

"எந்தக் கைடி?" என்றாள் அம்மா. "அத அசைக்காம வெச்சுக்க. நான் கிளம்பிட்டேன்."