ஹச்சியா நிறுத்தாத வண்டி

தோக்கியோவிலிருந்து வந்த விமானம் பனிப்புயலில் இறங்க வழியில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது என்று விமான நிலைய ஒலிபெருக்கியில் சொன்னபோது, அதில் ஏறிப் போகக் காத்திருந்த மிசாவோ கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். நான்கு வருஷத்துக்கு முன்பு இப்படித் திரும்பிப் போன விமானத்துக்குள்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளை அழைத்துப்போகக் கிளம்பிய கணவன் தெத்சுரோவை மறுநாள் பனியில் புதைந்த வண்டிக்குள்ளிருந்து பிணமாக எடுத்தார்கள். வண்டி சறுக்கி வயலுக்குள் இறங்கிக் கிடந்தது. விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்ததா, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அன்று காலை தொலைபேசியில், போன தடவை மாதிரி என்னை நிற்க வைக்காமல் நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று கறாராகச் சொல்லியிருந்தாள். கடைசியாகப் பேசியது அதுதான். அதன் பிறகு இந்த விமான நிலையத்தில் அவள் கால் வைத்ததில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அதனால்தான் மாடுகளைப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

நெடுஞ்சாலையையும் மூடிவிட்டார்கள். மாட்டிக்கொண்ட பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கம்பளியும் சோற்று உருண்டையும் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே வானம், தரை எதுவும் இல்லை. ஒரே வெள்ளை.

ஆரஞ்சு மேலங்கி போட்ட வயதான ஆள் ஒருவர் அவள் எதிரே வந்து நின்றார். புருவத்தில் பனி ஒட்டியிருந்தது. தன் பெயர் ஹச்சியா என்றும், இங்கே பனி தள்ளும் வண்டி ஓட்டுவதாகவும், புயல் நாளில் வெளிவாசலில் நின்று வண்டிகளைத் தடுப்பதும் தன் வேலைதான் என்றும் சொன்னார். தெத்சுரோவின் இறுதிச் சடங்குக்கு வந்து, கடைசி வரிசையில் நின்றுவிட்டு, அவளிடம் பேசாமலே போய்விட்டாராம்.

"உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு இங்க வந்து சேர்ந்துட்டார்மா. விமானம் வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே வந்துட்டார்."

மிசாவோ கையிலிருந்த சோற்று உருண்டையைக் கீழே வைத்தாள்.

விமானம் திரும்பிப் போனது தெரிந்ததும், பால் கறக்கிற நேரம் ஆகிவிட்டது, போகலாமா என்று தெத்சுரோ வாசலில் கேட்டிருக்கிறார். சாலையை மூடச் சொல்லி இன்னும் உத்தரவு வரவில்லை. இப்பவே கிளம்பினால் போய்விடலாம் என்று சொல்லியிருக்கிறார் ஹச்சியா. வண்டி போன ஐந்தே நிமிஷத்தில் மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

மிசாவோ கம்பளியை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்க நிறுத்தியிருந்தாலும் சண்டை போட்டுட்டுப் போயிருப்பாரு. மாடுன்னா அவருக்கு அப்படி."

"சண்டை போடற ஆளா தெரியலம்மா. தலை குனிஞ்சு நன்றி சொல்லிட்டுப் போனார்."

அவர் இன்னும் போகவில்லை. அடுத்ததைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். புயல் அடிக்கும் நாளிலெல்லாம் அன்று தெத்சுரோ கிளம்பிய அதே பிற்பகல் மூன்று மணி வாக்கில் அவருடைய வெள்ளை வண்டி வாசலைத் தாண்டிப் போகிறது. ஓட்டுகிற ஆள் தெரிவதில்லை. பின்பக்கத்துச் சிவப்பு விளக்குகள் இரண்டும் தெரிகின்றன. கையைக் காட்டினால் நிற்பதில்லை.

அவர் தவறவிட்ட அந்த ஐந்து நிமிஷத்தைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நாலு வருஷமா அந்த வீட்ல தனியா இருக்கேன். ஒரு கதவு சத்தம்கூட எனக்குக் கேட்டதில்ல. உங்ககிட்ட மட்டும் வர்றாரா?"

மிசாவோ எழுந்து மேலங்கியை மாட்டிக்கொண்டாள். மணி மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது.

வாசல்வரை கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் நடந்தார்கள். காற்று மூச்சை அடைத்தது. தன் கையுறையே அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹச்சியா, "அதோ" என்று கையை உயர்த்தினார். அவள் பார்த்தாள். கண் எரியும்வரை பார்த்தாள். ஒன்றுமில்லை.

"எங்க? எந்தப் பக்கம்?"

அவர் அவள் தோளைப் பிடித்து லேசாகத் திருப்பிவிட்டார். அந்த வெள்ளையைப் பார்த்து, வீட்டில் பேசுகிற குரலிலேயே மிசாவோ சொன்னாள்:

"நான் நம்ம பொண்ணு வீட்டுக்குப் போறேங்க. உங்களுக்குப் பேத்தி பொறந்திருக்கா. மாட்டைப் பக்கத்துப் பண்ணைக்காரர் பாத்துக்கறார். நீங்க அவசரப்பட வேணாம்."

வண்டி நின்றதா என்று கேட்டாள். ஹச்சியாவின் உயர்த்திய கை அப்படியே இருந்தது.

"நின்னுச்சும்மா," என்றார். "விளக்கு ரெண்டும் இன்னும் எரியுது."

அவர் பார்த்ததைச் சொன்னாரா, அவளுக்காகச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை. குளிர் தாங்க முடியாமல் போனபோது அவளே முதலில் திரும்பினாள். அவர் வரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றிருந்தார்.

மறுநாள் நண்பகலில் விமானம் கிளம்பியது. கீழே சாலை கோடு போட்டதுபோல் தெளிவாகத் தெரிந்தது. மேகம் மறைக்கும்வரை மிசாவோ ஜன்னலில் நெற்றியைப் பதித்து அதையே பார்த்தபடி இருந்தாள். அதில் ஒரு வண்டிகூட இல்லை.