ஏழாம் படுக்கைக்குப் பச்சை

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் என் அண்ணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தம்பி, தலைமை ஆபீஸ்ல இருபது நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க. திட்டத்தை முடிச்சுக் காட்டுறது, தலைமைப் பண்பு, மனவுறுதி. நீதான் எழுதுறவனாச்சே, மூணு பாடமா எழுதிக் குடு."

"உங்கள எதுக்கு அண்ணி கூப்பிட்டாங்க?"

"பொறுப்பப் பிடுங்கினதுக்கு அப்புறமும் வேலைக்கு வந்துட்டே இருக்கேன்ல? அதுக்குப் பேரு மனவுறுதியாம்."

சரி என்றேன். (எழுதுகிறவன் என்று குடும்பத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டால் போதும், மனிதன் எதற்கும் சரி என்பான்.)

2

முதல் தொடக்கம்: "தலைமை என்பது புயலில் கப்பலைச் செலுத்தும்—" வேண்டாம். அண்ணிக்குப் பஸ்ஸிலேயே குமட்டும்.

இரண்டாம் தொடக்கம்: "அதிகாலை ஐந்து மணிக்கே எழுந்துவிடும் அவர்—" இதை அண்ணன் படித்தால் சிரித்தே சாவான்.

மூன்றாவதாக, நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு மருத்துவமனையின் புதிய கட்டடத்தை முடித்துத் திறந்து வைக்கும் வேலை அண்ணியுடையது. ஐந்து மாடி, பதினான்கு மாதம். அவர் அறைச் சுவரில் ஓர் அட்டவணை இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு வட்டப் பொட்டு. முடிந்தது பச்சை, இழுப்பது மஞ்சள், நின்றது சிவப்பு. திறப்பு விழாவுக்கு ஆறு நாள் இருந்த ஒரு திங்கட்கிழமை, அட்டவணையில் ஒரேயொரு மஞ்சள்தான் பாக்கி. மூன்றாம் மாடி, ஏழாம் படுக்கை, ஆக்சிஜன் குழாய்.

அன்று காலை சோப்பு வந்தார். குழாய் வேலைக்காரர். குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை வந்தால் கசிவு என்று கண்டுபிடிப்பவர். அதனால் அந்தப் பெயர். மற்றபடி வாழ்நாளில் யாருக்கும் சோப்புப் போட்டுப் பேசத் தெரியாதவர்.

"மேடம், மூணாவது மாடியில குழாய் அழுத்தம் காட்டுற கேஜ் முள் இறங்குது. சாயங்காலம் நிக்கிற எடத்துல காலைல நிக்கல."

"சோதனை பண்ணி பாஸ்னு பேப்பர் குடுத்துட்டாங்களே?"

"பேப்பர்ல பாஸ் மேடம். செவுத்துல பாஸ் ஆகல."

"திறப்பு விழா முடியட்டும், பாத்துக்கலாம்."

"கசியறது ஆக்சிஜன் மேடம். பக்கத்துலயே கரண்டு ஒயர் போவுது."

"பாத்துக்கலாம்னு சொன்னேன்ல?"

சோப்பு போய்விட்டார். அண்ணி டப்பாவிலிருந்து ஒரு பச்சைப் பொட்டை எடுத்து மஞ்சளின் மேல் ஒட்டினார். ஓரத்தில் மஞ்சள் கொஞ்சம் தெரிந்ததாம். நகத்தால் தேய்த்துச் சரிசெய்தாராம்.

இந்த இடத்தில் அண்ணி என்னிடம் சொன்னது: "இத எழுதாத."

3

(எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டியது அவர்தான், நீங்கள் மேலே படிக்கலாம்.)

புதன்கிழமை காலைக் கூட்டத்தில் அண்ணியின் நிறுவன இயக்குநர் கேட்டார், "எல்லாம் பச்சைதானே?" அண்ணி, "எல்லாம் பச்சை சார்" என்றார். பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது.

அன்று மத்தியானம் அவர் மூன்றாம் மாடிக்குத் தனியாகப் போனார். முதல் வரைவில் இங்கே "மனசாட்சி அவரை உந்த" என்று எழுதியிருந்தேன். அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன்.

"மனசாட்சியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கொஞ்ச நேரம் எங்கயாவது படுக்கணும்போல இருந்துச்சு. அங்கதான் கட்டில் எல்லாம் வந்து எறங்கியிருந்துச்சு."

"ஏழாம் படுக்கையிலயா படுத்தீங்க?"

"அதான் எனக்கும் தெரியல. வேணும்னே படுத்தேனா, கால் போன எடத்துல படுத்தேனா..."

பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை. படுத்தபடி தலையைத் திருப்பினால் கதவுக்கு வெளியே சுவரில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் கேஜ். எழுந்துபோய்ப் பார்த்தால், அதன் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, பேனாவால் நான்கு எண்கள் எழுதியிருந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குறைவு. யார் கையெழுத்து என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சோப்புவைக் கூப்பிட்டார். மேல்கூரைப் பலகையைக் கழற்றினார்கள். மூன்று இணைப்புகளில் நுரை கொப்பளித்தது. மூன்றும் ஒரே வாரத்தில் அவசரமாகப் பற்றவைத்தவை. அந்த வாரம் "நாளைக்கே முடியணும்" என்று தொண்டை கிழியக் கத்தியது யாரென்றும் அண்ணியே சொன்னார். அவர்தான்.*

* ஒரு வரைவில் ஏழாம் படுக்கையில் ஒரு நோயாளியைப் படுக்கவைத்துக் கொன்றும் பார்த்தேன். கதை நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தப் படுக்கையில் அண்ணியைத் தவிர யாரும் படுத்திருக்கவில்லை. கிழித்துவிட்டேன்.

4

திறப்பு விழா பதினோரு நாள் தள்ளிப் போனது. அந்தப் புதன்கிழமை சாயங்காலமே இயக்குநர் அறையில் விசாரணை.

"காலைல பச்சைன்னீங்களே?"

"அப்ப எனக்குத் தெரியாது சார்."

"அந்தக் குழாய்க்காரன் முன்னாடியே சொல்லலியா?"

அண்ணி சொன்னார்: "இன்னிக்குத்தான் சொன்னார்."

இரண்டே வார்த்தை. இதை என்னிடம் சொன்னபோது அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், ஆகவே கண்ணைப் பற்றி எதுவும் எழுதுவதற்கில்லை.

தாமதமாகத் தகவல் சொன்னதற்காக சோப்புவை அந்தக் கட்டடத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். விழா தள்ளிப்போனதால் திட்டத்தின் பொறுப்பு அண்ணிக்கு அடுத்த நிலையில் இருந்தவருக்குப் போனது. அவர் ரிப்பன் பிடித்தார், "இடர்களைத் தாண்டி முடித்தவர்" என்று கேடயமும் வாங்கினார். அண்ணி மறுநாள் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போய், ஒரு மூலை மேசையில் உட்கார்ந்தார். எட்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறார். மனவுறுதி என்று தலைமை அலுவலகம் பார்த்தது அதைத்தான்.

5

எனக்குச் சோப்பு மேல் சந்தேகம். மனிதர் அளவுக்கு மீறி நல்லவராக வந்துகொண்டிருந்தார். கதையில் அப்படி ஒருவர் இருந்தால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள். அண்ணிக்குத் தெரியாமல் எண் வாங்கிக் கூப்பிட்டு, அவர் தலைமை ஆபீஸில் பேசப்போவதைச் சொன்னேன்.

"அன்னிக்கு அவங்க கூப்பிடலேன்னா, மறுபடி போய்ச் சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன். ஒரு தடவ சொன்னேன், என் பாடு முடிஞ்சுது."

"அப்ப அந்த டேப்பு?"

"நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் தலைய உருட்டக் கூடாதுல்ல? அதுக்குத்தான். அப்பவும் உருட்டிட்டாங்க."

"அத எடுத்துக் காட்டியிருக்கலாமே?"

"காட்டப் போனேன். பெயிண்டு அடிக்கிறவன் உரிச்சுட்டான்."

"அவங்க மேல கோவமா?"

"இருக்காதா பின்ன? மன்னிப்பெல்லாம் வேணாங்க. யாரு மொதல்ல சொன்னாங்கன்னு மட்டும் அந்தக் கூட்டத்துல சொல்லச் சொல்லுங்க. அங்க வர்றவங்கதான் எங்களுக்கு வேலை குடுக்கறவங்க."

நிம்மதியாக இருந்தது. (ஒரு பாத்திரமாக அவர் தேறிவிட்டார். ஒரு மனிதருக்கு வேலை போனதைக் கேட்டு எனக்கு வந்த முதல் உணர்ச்சி இது. எழுதுகிறவர்களை வீட்டில் அதிகம் சேர்க்காமலிருப்பது நல்லது.)

6

அண்ணிக்கு இரண்டு உரைகள் எழுதிக் கொடுத்தேன். முதலாவதில் மூன்று பாடங்கள்: நேரத்தில் விழித்துக்கொள், குழுவை நம்பு, விழுந்தால் எழு. இரண்டாவதில் பாடமே இல்லை. "திங்கட்கிழமை அவர் என்னிடம் சொன்னார். நான் பச்சை ஒட்டினேன். புதன்கிழமை பழியை அவர்மேல் போட்டேன்" என்று ஆரம்பித்து, அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

"இதுல பத்தொன்பது நிமிஷம் மிச்சமாகுதே" என்றார் அண்ணி.

"கேள்வி கேப்பாங்க."

"அதான் பயம்."

இரண்டையும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

7

இன்று காலை பத்தரைக்கு உரை. பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது.

"முடிஞ்சுது தம்பி."

"எதப் படிச்சீங்க?"

"கை தட்டினாங்க."

"அண்ணி, எதுக்குத் தட்டினாங்க?"

"ரெண்டுக்குமே தட்டியிருப்பாங்கடா. நீ எழுதினதுல ஒண்ணு. எதுன்னு சொன்னா அதையும் கதையில போடுவ. வச்சுடறேன்."

முடிவு ஒன்று: அண்ணி பாடங்களைப் படித்தார், இயக்குநர் குறிப்பெடுத்துக்—

முடிவு இரண்டு: அண்ணி அரைப் பக்கத்தை எடுத்தார், கை நடுங்—

இரண்டையும் முழுதாக எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அண்ணி எனக்குத் தெரிந்த அண்ணியாகவே இருக்கிறார், அதுதான் தொந்தரவு. சோப்புவிடம் கேட்டால் தெரியும். உண்மை மேடையேறியிருந்தால் இந்நேரம் யாராவது அவரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

பன்னிரண்டே காலிலிருந்து முயல்கிறேன். அவருடைய எண் பிஸியாகவே இருக்கிறது. வேலை கொடுக்கிற ஒருவர் பேசிக்கொண்டிருக்கலாம், அண்ணியே பேசிக்கொண்டிருக்கலாம். மளிகைச் சாமான் சொல்லும் அவர் மனைவியாகவும் இருக்கலாம். நான் போனை வைத்துவிடுகிறேன். மறுமுனையில் இருப்பது யாரென்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது, பச்சைக்கு அடியிலிருக்கும் மஞ்சள் ஓரத்தில் தெரிகிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.