இறந்தவர் பெயர் கேட்கும் கட்டம்

அன்புராஜ் சேதராப்பட்டு ஆலையில் ராத்திரி ஷிப்டு முடித்து வந்து, குளித்துவிட்டுச் சோற்றில் கை வைத்த நேரம், மேலத்தெருத் தையலம்மாள் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு காகிதம்.

"எங்க வூட்டுக்காரரு சாவு சர்டிபிகேட்டுன்னு எடுத்தேன் தம்பி. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல குடுத்தா, இது பொம்பள பேராச்சேன்னு திருப்பித் தள்ளிட்டாங்க. படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒன் பேரும் இதுல கீதாமே."

அவன் வாங்கிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். அது அவன் பெண்டாட்டி அருள்மொழியின் இறப்புச் சான்றிதழ். கணவர் பெயர் என்ற இடத்தில் அன்புராஜ். இப்படி அவ்வப்போது யாராவது ஒருத்தர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"வீடியோவுல அருள்மொழி எப்பிடிச் சொல்லுச்சோ அப்பிடியேதான்பா செஞ்சேன். அது அடிச்ச எழுத்தயே பாத்துப் பாத்து அடிச்சேன்."

"வெச்சிட்டுப் போ பெரிம்மா. நான் பாத்துக்கறேன்."

நடவுக்குப் பெண்களை ஏற்றிப் போன லோடு ஆட்டோ வாய்க்காலில் கவிழ்ந்து அருள்மொழி செத்தாள். எடுத்தார்கள், கருமாதி முடித்தார்கள். மறுவாரமே அவன் ஷிப்டுக்குப் போய்விட்டான். போகாவிட்டால் அடுப்பு எரியாது. செத்தவள் செத்தவளாக இருந்திருந்தால் அவன் பாட்டுக்கு அவன் வேலையைப் பார்த்திருப்பான். அவள் அப்படி இருக்கவில்லை. போன மாதம் அவன் இல்லாத நேரத்தில் இதே மாதிரி ஒரு காகிதம் வந்தது. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் மகள் சுவேதா அதைப் படித்து வைத்திருந்தாள். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"அம்மா மறுபடியும் செத்துட்டாங்களாபா?"

இன்றைக்குத் தையலம்மாள் போனதும் சோற்றை மூடி வைத்தான். கையைக் கழுவிவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான். போகிற வழியில் தண்ணீர்க் குழாயடியில் யாருடைய போனிலோ அருள்மொழியின் குரல் கேட்டது. "அவசரப்படாதீங்க, வரும். நெட்டு நம்ம பேச்ச கேக்காது." அவன் கழுத்து தானாகத் திரும்பியது. திரும்பக் கூடாது என்று எத்தனை தடவை நினைத்தும் திரும்பியது.

ஊர் நூலகம் ரெண்டே அறை. செல்வகுமாரி அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறாள். பரீட்சை முடிவு பார்ப்பது, உறுப்பினர் அட்டையைப் புதுப்பிப்பது, சான்றிதழ் எடுப்பது என்று வருகிறவர்கள் தினமும் கேட்பதையே கேட்டதால், சின்னச் சின்ன வீடியோவாக எடுத்து அங்கிருக்கும் டிவியில் ஓடவிட்டாள். வாட்சப்பிலும் அனுப்பினாள். முதலில் அவளே பேசினாள். செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. நடவு இல்லாத நாட்களில் மகளுக்குப் படக்கதைப் புத்தகம் எடுக்க வரும் அருள்மொழியைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் நாற்றுப் பிடுங்கித் தேய்ந்த விரலை முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் மவுசைத் தொடுவாள். அதையும் பாடம் என்று எடுத்துக்கொண்டு, இன்றைக்கும் அங்கே வரும் பெண்கள் விரலைத் துடைத்துவிட்டுத்தான் மவுசைத் தொடுகிறார்கள். சுடிதார் போட்ட காலேஜ் பெண்கூட துப்பட்டாவில் துடைக்கிறது.

இறப்புச் சான்றிதழ் வீடியோவுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தக் கட்டத்தில் யார் பெயரை அடிப்பது? உயிரோடு இருப்பவர் பெயரை அடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. அருள்மொழி சிரித்துக்கொண்டே தன் பெயரை அடித்தாள். பதிவு இல்லை என்று வந்தது. அப்போதெல்லாம் பார்த்ததை அப்படியே செய்து அவள் பெயரை அடித்தவர்களுக்கும் ஒன்றும் வராது. நூலகத்தில் வந்து கேட்டுத் திருத்திக்கொள்வார்கள். அவள் செத்த பிறகு அடித்தவர்களுக்கு அவள் சான்றிதழே வர ஆரம்பித்தது.

பேரை அடித்தாள், அது இழுத்துக்கொண்டது என்று தெருவில் பேச்சு.

அன்புராஜ் காகிதத்தை மேசையில் வைத்தான். "அத அழிச்சிடு தங்கச்சி."

செல்வகுமாரி காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தாள். "மறுபடியுமாண்ணா?"

"அழிப்பியா மாட்டியா?"

"இங்க டிவியில அழிச்சி எத்தினியோ நாளாச்சிண்ணா. ஊரு போன்ல எல்லாம் கீது, அத எப்பிடி அழிக்கறது? பேர மட்டும் மறைச்சி அனுப்பிப் பாத்தேன். அங்க ஒண்ணும் இல்லியேன்னு காலியா வுட்டு அழுத்தறாங்க. நானே பேசிப் புதுசு போட்டேன். புரியல, அருள்மொழியக்கா சொன்னதையே போடுன்றாங்க."

"அப்ப இன்னாதான் செய்யறது? எம்பொண்ணு ஒவ்வொரு தபாவும் அவம்மாவ சாவக் குடுத்துக்கினு இருக்கணுமா?"

அவள் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள். "குரல் அக்காவோடதா இருந்தாதான் புதுசப் பாப்பாங்க. படம் மட்டும் மாத்தலாம். அவங்க பேரு சொல்ற எடத்த வெட்டிட்டு, வேற ஒரு பேர அடிச்சிக் காட்டணும். உயிரோட கீறவங்க பேருதான் கெடைக்கல. கற்பனையா ஒண்ணு போட்டா அந்தப் பேர்ல எவனாவது ஒருத்தன் செத்திருக்கறான்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பச்சையப்பனை அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் பேப்பரை மூஞ்சிக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

"என்ன எதுக்குப் பாக்கற? சக்கர மாத்தரயப் போட்டுக்கினு ஏதோ ஓட்டிக்கினு கீறன். எம்பேர அதுல ஏத்திப் பாக்கறியா?"

"நான் ஒண்ணும் கேக்கலையே பெரிப்பா."

"கேக்கற மூஞ்சி எனக்குத் தெரியும்."

அன்புராஜ் நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். "எம்பேர அடிக்கறேன். எடு."

"அண்ணா, வாணாண்ணா. சுவேதா கீறா."

"பேர அடிச்சதாலதான் அவ செத்தான்னு நீயும் சொல்றியா?"

செல்வகுமாரி போனைக் கையில் எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"ஆட்டோவுல மூட்ட அடுக்கறாப்ல ஆள அடைச்சான் பாரு, அதால செத்தா. எடு."

அவள் போனைத் தாங்கியில் மாட்டி அவன் கைக்கு நேராகத் திருப்பினாள். வாட்சப்பில் கிடந்த பழைய வீடியோவை ஸ்பீக்கரில் ஓட்டி, வெட்ட வேண்டிய இடத்தில் நிறுத்தினாள்.

"இத ஒருவாட்டி கேட்டுடுங்கண்ணா. புதுசுல இது இருக்காது."

அருள்மொழி பேசினாள். "யாரு பேரப் போடறது, எம்பேரயே போடறேன். நானா செத்துடப் போறேன்." பிறகு சிரிப்பு. நாற்றங்காலில் குனிந்தபடியே பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. பச்சையப்பன் எழுந்து வெளியே போனார்.

"வெட்டிடவாண்ணா?"

அன்புராஜ் தலையை ஆட்டினான். ஆட்டியது அவனுக்கே தெரியவில்லை. அவள் வெட்டினாள்.

படப்பிடிப்பு தொடங்கியது. இனி அந்தக் குரல் போகிற வேகத்துக்கு அவன் கை போக வேண்டும்.

"மேல இருக்கற மூணு கோட்ட அழுத்துங்க." அழுத்தினான். "அவசரப்படாதீங்க, வரும். நெட்டு நம்ம பேச்ச கேக்காது." காத்திருந்தான். வந்தது. "இப்ப இறந்தவங்க பேர இங்க அடிங்க."

விரலைக் கட்டத்துக்குக் கொண்டுபோனான். ஆலையில் இரும்புத் தகடு தூக்கும் விரல். ஒரு எழுத்துக்கு ஒரு தேடல். பேரில் ஒன்றும் இல்லை என்று இப்போதுதான் சொன்னான். ஆனாலும் தன் பெயர் ஒவ்வொரு எழுத்தாக அந்தக் கட்டத்தில் ஏறுவதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். பாதிதான் அடித்திருப்பான். குரல் முன்னால் போய்விட்டது.

"அடிச்சிட்டீங்களா? இப்ப கொம்யூனு வில்லியனூர்."

"இருடி," என்றான்.

செல்வகுமாரி சட்டென்று ஓட்டத்தை நிறுத்தினாள். அவன் மீதி எழுத்தை அடித்து முடித்தான். "ம், வுடு," என்றான். அவள் விட்டாள்.

"கொம்யூனு வில்லியனூர். ஆங், அப்பிடித்தான். கீழ இருக்கற பச்சைய அழுத்துங்க."

அப்படித்தான் என்றது தன்னைத்தான் என்று அவன் உடம்பு நம்பியது. அழுத்தினான். வட்டம் சுற்றியது. பதிவு இல்லை என்று வந்தது.

"அவ்ளோதாண்ணா, நல்லா வந்திருக்குது," என்று செல்வகுமாரி போனைத் தாங்கியிலிருந்து கழற்றினாள். "இன்னிக்கே எல்லா குரூப்லயும் போட்டுடறேன். இனிமே பேப்பரு வராது. கைய எடுங்கண்ணா."

அவன் எடுக்கவில்லை. ஸ்பீக்கர் பக்கமாகத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். கையை எடுக்கச் சொல்லி அருள்மொழி இன்னும் சொல்லவில்லை.