செங்கோடன் விட்ட வேலை

செங்கோடனை ஒரு வேலையில் பத்து நாள் நிறுத்தி வைப்பதற்குள், அவனைப் பெற்ற ராமாயிக்குப் போதும் போதும் என்றாகிவிடும். காப்பித் தோட்டத்தில் அட்டை கடிக்கிறது என்று திரும்பி வந்தான். துரைமாரை மலையேற்றும் டோலி தூக்கப் போனவன், துரை ரொம்பக் கனக்கிறார் என்று வந்தான். பின்னே, டோலியில் பஞ்சு மூட்டையையா ஏற்றுவார்கள்? காட்டிலாகாவில் வாட்சர் வேலை கிடைத்தது. நடந்து நடந்து கால் வலிக்கிறதாம். செம்மேட்டுக் கடையில் சேர்த்துவிட்டாள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறதாம். படுத்துக்கொண்டே பார்க்கிற உத்தியோகம் ஒன்றை சர்க்கார்தான் இவனுக்காக உண்டாக்க வேண்டும் என்று ராமாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

மலையூர்கள் சில சேர்ந்த அவர்களுடைய தேவனூர் நாட்டில் எவரும் அவனுக்குப் பெண் கொடுப்பதாக இல்லை. குண்டனி நாட்டுச் சின்னுசாமி மட்டும் ஒரு வழி சொன்னார்.

"பையன் எங்காட்டுல வெதைப்புலருந்து அறுப்பு வரைக்கும் நின்னு காட்டட்டுமுங்க. எம்பொண்ணு பொன்னாயியைத் தர்றேன்."

ஆனியில் சாமை விதைக்கப் போனான். அதிசயம், நின்றான். ஐப்பசியில் அறுப்பும் முடிந்தது. "மிளகையும் பறிச்சு முடிச்சரட்டுமுங்க" என்றார் சின்னுசாமி. இத்தனை நாள் நின்றவன் இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டுமே என்று ராமாயியும் தலையாட்டினாள். சந்தையில் பார்ப்பவர்களிடமெல்லாம் கல்யாணம் என்று சொல்லியும் வைத்துவிட்டாள்.

மாசியில் ஒரு காலை, மூட்டையும் கையுமாகச் செங்கோடன் வாசலில் வந்து நின்றான்.

"வேலைய விட்டுட்டேம்மா."

ராமாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையிலிருந்த விளக்குமாற்றை ஓங்கிவிட்டாள். "பொண்ணு ஊட்டு வேலையையுமாடா விட்டுட்டு வருவே? இனி எவன்டா உனக்குப் பொண்ணு தருவான்?"

"அம்மா, அவரு என்ன சொன்னாருன்னா..."

"வாயத் தொறக்காதே! அங்க என்ன கடிச்சுது உன்னை? நட, அவரு கால்ல உழு!"

வழி நெடுகத் திட்டித் தீர்த்தாள். அவன் வாயைத் திறந்த போதெல்லாம் இன்னும் உரக்கத் திட்டினாள். குண்டனி நாடு போய்ச் சேரும்போது தொண்டை கட்டிவிட்டது.

களத்தில் பொன்னாயி மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, புத்தி கெட்டுப் போய் வந்துட்டான். உங்கப்பன் எங்கே? நான் பேசறேன்."

"உங்க மவன் மேல தப்பில்லீங்க அத்தே. நாந்தான் போவச் சொன்னேன். இப்ப அடுத்த வெதைப்பும் ஆவட்டும்ங்கறாரு எங்கப்பன். கூலியில்லாம இப்படி ஒழைக்கிற ஆளு கெடைச்சா, மாப்பிள்ளை ஆக்கி அனுப்ப மனசு வருமுங்களா?"

ராமாயி மாதங்களை விரல்விட்டு எண்ணினாள். எங்கும் பத்து நாள் தரிக்காதவன் ஒன்பது மாதம் ஒரே காட்டில் நின்றிருக்கிறான். நியாயமான காரணத்துக்காக அவன் விட்டது இந்த ஒரு வேலையைத்தான். அதற்குத்தான் மலை முழுக்கக் கேட்கும்படி அவனை ஏசியிருக்கிறாள். மகன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

காட்டுக்குள்ளிருந்து சின்னுசாமியின் குரல் வந்தது. "பொன்னாயி! அங்க என்ன பேச்சு? மிளகை யாரு கிண்டுறது?"

பொன்னாயி கைத்தூசியைத் தட்டிவிட்டு, செங்கோடன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேற ஆளப் பாத்துக்கப்பா!" என்று பதிலுக்குக் கத்தினாள். "நானும் வேலைய விட்டுட்டேன்."