சுவரில் ஒட்டிய பொட்டுகள்

மண்ணூர்பேட்டையில் எத்திராஜ் வீட்டுக்கு ஜெயசீலி டீச்சர் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். யாராவது கேட்டால் தையல் சொல்லித்தர வருவதாகச் சொல்ல வேண்டும் என்று எத்திராஜின் மனைவி கஸ்தூரி முதல் நாளே கேட்டுக்கொண்டாள். ஜெயசீலிக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. அவள் படித்தது ஆக்குபேஷனல் தெரபி. கை கால் சரியாக இயங்காத சின்னப் பிள்ளைகளுக்கு உட்காரவும், தவழவும், எடுத்துச் சாப்பிடவும் பழக்குவது அவள் வேலை. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது. அம்பத்தூரில் ஒரு மையத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வந்துபோவாள்.

கஸ்தூரியின் மகன் பாஸ்கரனுக்கு மூன்று வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் கால்கள் விறைத்து, வலது கை மூடியபடியே இருந்தது. பின்னறையில், சாத்திய ஜன்னலுக்குக் கீழே, பாயில் கிடந்தான். எத்திராஜின் தங்கை சுசீலாவுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு பிள்ளை இருப்பது தெரிந்தால் எவன் பெண்ணெடுப்பான் என்று எத்திராஜ் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

மூன்று மாதம் ஆயிற்று. பிள்ளையை உட்காரவைக்க மையத்தில் செய்துகொடுத்த பலகை நாற்காலியில் அரிசி டின் உட்கார்ந்திருந்தது. ஜெயசீலி தொட்டாலே பாஸ்கரன் வீறிட்டு அழுது விறைத்துக்கொண்டான். தினமும் பழக்குவதாகக் கஸ்தூரி சொன்னாள். பகலெல்லாம் கம்பெனியில் பாக்கிங் வேலைக்குப் போகிறவள் எப்போது பழக்குவாள்? ஜெயசீலி நம்பவில்லை.

அவளுடைய சந்தேகம் மெல்லச் சுசீலாவின் மேல் போய் நின்றது. அந்தப் பெண் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்ப்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். சுவரெல்லாம் அவளுடைய ஸ்டிக்கர் பொட்டுகள். தரையோரத்தில்கூட ஒட்டிவைத்திருந்தாள். அலங்காரப் பைத்தியம் என்று ஜெயசீலி நினைத்துக்கொண்டாள். போன வாரம் பிள்ளையின் முழங்கால்களில் சிராய்ப்பு இருந்தது. கேட்டதற்குக் கஸ்தூரி கொசுக்கடி என்றாள். யாரோ தரையில் இழுத்திருக்கிறார்கள், அது இவளாகத்தான் இருக்கும் என்று ஜெயசீலிக்குத் தோன்றியது. தன் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கிற பிள்ளை மேல் எந்தப் பெண்ணுக்குப் பாசம் வரும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மூன்று மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவது மையத்தின் வழக்கம். நாற்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். பெயரை அடித்துவிட்டால் பாஸ்கரனுக்குப் பாயே கதி என்பது ஜெயசீலிக்குத் தெரியும். தெரிந்தும், 'வீட்டார் ஒத்துழைப்பு இல்லை' என்று பதிவேட்டில் எழுதினாள். கையெழுத்து மட்டும் பாக்கி.

"வர வெள்ளிக்கெயம கோயிலுக்குப் போறோம் டீச்சர், வராதீங்கோ" என்று கஸ்தூரி சொன்னபோது அவள் கண் தரையைப் பார்த்தது. எதையோ மறைக்கிறார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஜெயசீலி கட்டாயம் போவது என்று முடிவு செய்தாள்.

போனாள். வாசலில் புதுச் செருப்புகள் கிடந்தன. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. பின்வாசல் வழியாக நுழைந்தால் பின்னறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஜெயசீலிக்கு ரத்தம் கொதித்தது. தாழ்ப்பாளை இழுத்தாள்.

பாயில் பிள்ளை இல்லை. கதவுக்குப் பின்னால் கையையும் முழங்காலையும் ஊன்றி நின்றிருந்தான். அவளைக் கடந்து, சுசீலாவின் குரல் கேட்ட திசையில் தவழ்ந்து போனான். ஜெயசீலி பிடிக்கக்கூடத் தோன்றாமல் பின்னால் நடந்தாள்.

கூடத்தில் பெண் பார்க்க வந்த நெமிலிச்சேரிக்காரர்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயாரை வணங்கிவிட்டுச் சுசீலா முட்டிபோட்டபடி நிமிர்ந்தாள். முகம் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அவன் அத்தையின் தோளைப் பற்றி எழும்பி, மூடிக்கிடந்த அந்த வலது கையை விரித்து, இரண்டு விரலால் அவள் நெற்றிப் பொட்டைக் கிள்ளி எடுத்தான். எடுத்ததைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

ஜெயசீலிக்குச் சுவர் ஞாபகம் வந்தது. தரையோரம் ஒரு பொட்டு, அதற்கு மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. பிய்க்கப் பிய்க்கச் சுசீலா வாராவாரம் உயர்த்தி ஒட்டிய பொட்டுகள். ஒவ்வொன்றையும் எட்டிப் பிய்க்கத்தான் பிள்ளை தவழ்ந்திருக்கிறான், முழங்கால் தேய்ந்திருக்கிறது. வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது.

"நல்ல நாளும் அதுவுமா பொட்ட எடுத்துட்டானே. யாரு புள்ள இது?" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

"பக்கத்து ஊட்டுப் புள்ள" என்றாள் கஸ்தூரி. பெற்றவள் வாய் அப்படிச் சொல்லிற்று.

சுசீலா பாஸ்கரனை மடியில் உட்காரவைத்தாள். அவன் விரலிலிருந்த பொட்டை வாங்கித் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

"எங்க அண்ணன் புள்ளம்மா. எடுக்கக் கத்துக்குடுத்ததே நான்தான்."

வந்தவர்கள் அப்புறம் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கதவைத் திறந்துவிட்டாள் என்று எத்திராஜ் ஜெயசீலி மேல் பாய்ந்தான். பிள்ளையை ஜமுக்காளத்தில் உட்காரவைத்துவிட்டுச் சுசீலா குறுக்கே வந்தாள்.

"அவங்கள இன்னாத்துக்குண்ணா திட்டுற? இவன ஒளிச்சு வச்சு எனக்குக் கல்யாணம் பண்ணா, நான் அந்த ஊட்ல ஆயுசுக்கும் பயந்துகினே கெடக்கணும். இவன் திருடிக்கினு வந்த பொருளா, ஒளிக்கறதுக்கு?"

எத்திராஜ் ஜமுக்காளத்தின் பக்கம் திரும்பினான். மகன் உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஜெயசீலி சுசீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா, புள்ள தவழ்ந்து வெளிய வந்துருவான்னு நிறுத்திடும்னு பயம். நீங்களும் என்கிட்ட ஒரு நாளும் கேக்கலையே டீச்சர்."

பையிலிருந்து பதிவேட்டை எடுத்து, 'ஒத்துழைப்பு இல்லை' என்ற வரியை ஜெயசீலி அங்கேயே அடித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போலப் பின்பக்கம் திரும்பியபோது, கஸ்தூரி தெருவாசலில் நின்று கூப்பிட்டாள். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, தையல் டீச்சரா என்று விசாரித்தாள்.

"இல்லக்கா. எம் புள்ளைக்குக் கை கால் பழக்குற டீச்சர்" என்றாள் கஸ்தூரி, தெருவுக்கே கேட்கும்படி. "அவன் கால்ல இருக்குறது பொறக்கும்போது வந்த கொற. அவன இருட்ல ஒளிச்சு வெச்சோம் பாரு, அதான் நாங்க பண்ண கொற."